படம் எடுக்கலாம், முடிவு சொல்லக் கூடாது: அமெரிக்கக் கதிரியல் உதவியாளர் சான்றிதழ் வளர்ந்த வரலாறு

அமெரிக்காவில் 'பதிவுபெற்ற கதிரியல் உதவியாளர்' என்ற சான்றிதழ் உடையவர் நோயாளிக்குப் பேரியம் கொடுத்து உணவுக்குழாயைப் பரிசோதிக்கலாம். வயிற்றில் தேங்கிய நீரை ஊசி வழியே வெளியேற்றலாம். கையிலுள்ள சிரை வழியாக நீண்ட குழாயைச் செலுத்தலாம். பரிசோதனையில் எடுத்த படத்தில் தெரிவது என்ன நோய் என்று அறிக்கை எழுத மட்டும் அவருக்கு அனுமதியில்லை. நோயாளியின் பாதுகாப்பு கருதி இப்படி வகுத்திருக்கிறார்கள் என்பதே பொதுவான விளக்கம். இந்தச் சான்றிதழின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் அந்த விளக்கம் பாதி உண்மையே என்பது புலப்படும்.

ரான்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த சில மாதங்களிலேயே அக்கருவிகள் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டன. அவற்றை இயக்கத் தனியாகப் பயின்றவர் எவரும் அப்போது கிடையாது. புகைப்படக்காரர், மின்பணியாளர், செவிலியர் என்று யார் கிடைத்தாரோ அவரே இயக்கினார். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் கதிர்க்குழாய்களைச் சோதித்துவந்த கிளாரன்ஸ் டாலி, கைகளில் புண் பரவி இரு கைகளையும் இழந்து 1904இல் இறந்தார். அதன்பின் எடிசன் எக்ஸ் கதிர் ஆய்வையே கைவிட்டார். இத்தகைய சாவுகளே பயிற்சியையும் சான்றிதழையும் கொண்டுவந்தன என்று எழுதுவது எளிது. ஆனால் டாலி இறந்து 18 ஆண்டுகள் கழித்தே முதல் சான்றிதழ் வந்தது.

அதற்கு வழி திறந்தவர் எட் ஜெர்மன். மருத்துவராக இல்லாத அவர், எக்ஸ்ரே கருவி செய்யும் நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவை நடத்தியவர். படத்தின் அடர்த்தி, வேறுபாடு, நுணுக்கம், உருத்திரிபு என நான்கு பண்புகளாகப் பிரித்து, அனுமானத்தில் நடந்துவந்த வேலையைக் கற்பிக்கத்தக்க கலையாக்கினார். அவர் முயற்சியால் 1920இல் சிகாகோவில் எக்ஸ்ரே கருவிகளை இயக்கும் நுட்புநர்களின் சங்கம் ஒன்று உருவானது. ஆனால் தேர்வு நடத்திச் சான்று வழங்கும் பதிவகத்தை 1922இல் நிறுவியவர்கள் கதிரியல் மருத்துவர் சங்கத்தினர். ஓக்லஹோமாவின் எல் ரீனோ நகரைச் சேர்ந்த கன்னியாஸ்திரி மேரி பீட்ரிஸ் மெரிகன் அதில் முதலாவதாகப் பதிவு பெற்றார்.

பதிவு பெற்றவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். வாய்மொழியாகவோ எழுத்திலோ நோய்முடிவு சொல்லக் கூடாது. பதிவகத்தின் தொடக்கக்கால நெறிகளிலேயே இது இடம்பெற்றது. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. மருத்துவரல்லாதோர் சொந்தமாக எக்ஸ்ரே கூடங்கள் நடத்திய காலம் அது. கதிரியலே மருத்துவத்தின் ஒரு துறைதானா என்று மற்ற மருத்துவர்கள் ஐயப்பட்ட காலமும் அதுவே. படத்தை வாசிப்பது தமக்கே உரிய வேலை என்று நிலைநாட்டினால்தான் கதிரியல் மருத்துவருக்குத் துறை நிலைக்கும். ஆகவே சான்றிதழ் நுட்புநரின் மதிப்பை உயர்த்திய அதே கையெழுத்தில் அவருடைய எல்லையையும் எழுதிவைத்தது.

அரசு இதில் தலையிடத் தயங்கியது. கதிர்க்கருவி இயக்குவோரின் தகுதி குறித்து 1981இல் நடுவணரசு சட்டம் இயற்றியது. ஆனால் அதைப் பின்பற்றுவதை மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. இதனால் ஒரு மாநிலத்தில் உரிமம் கட்டாயம், இன்னொன்றில் சில உறுப்புகளை மட்டும் படமெடுக்கக் குறைந்த பயிற்சி போதும், வேறொன்றில் கேட்பாரில்லை என்ற நிலை உருவானது. மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனைக்கு மட்டும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் கட்டாயத் தகுதியை வகுத்தது. மற்றதெல்லாம் பதிவகத்தின் போக்கில் நடந்தது. 2015 முதல் நுட்புநர் தேர்வெழுத இணைநிலைப் பட்டமாவது வேண்டும் என்றும் அது விதித்தது.

உதவியாளர் என்ற மேல்படி இந்தப் பின்னணியில் வந்தது. யூட்டாவின் வீபர் மாநிலப் பல்கலைக்கழகம் 1990களில் இதற்கு நெருங்கிய ஒரு படிப்பைத் தொடங்கியது. எல்லை மீறப்படுமோ என்ற அச்சம் மருத்துவர்களிடம் இருந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் குவிந்தன, வாசிக்க மருத்துவர்கள் போதவில்லை. அப்போது அச்சம் இணக்கமாக மாறியது. 2003இல் மருத்துவர் அமைப்பும் நுட்புநர் அமைப்பும் இந்தப் பணி குறித்துக் கூட்டறிக்கை வெளியிட்டன. லோமா லிண்டா பல்கலைக்கழகம் அதே ஆண்டில் படிப்பைத் தொடங்க, 2005இல் பதிவகம் முதல் தேர்வை நடத்தியது. பதிவுபெற்ற நுட்புநராகப் பணியாற்றிய அனுபவமும், கதிரியல் மருத்துவர் ஒருவரின் கீழ் மருத்துவமனைப் பயிற்சியும் அதற்குத் தேவை. தாம் கண்டதை உதவியாளர் மருத்துவரிடம் தெரிவிக்கலாம், அறிக்கை மருத்துவருடையது. நெருக்கடி மருத்துவரின் கைவேலையைப் பகிரவைத்ததே தவிர, 1920களின் எல்லைக்கோட்டை அசைக்கவில்லை.

கட்டண விதியும் அக்கோட்டையே காக்கிறது. முன்பு சில பரிசோதனைகளை உதவியாளர் செய்யும்போது மருத்துவர் அதே அறையில் நிற்க வேண்டியிருந்தது. 2019 முதல் அருகில் இருந்தால் போதும் என்று முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் தளர்த்தியது. ஆயினும் உதவியாளர் செய்த பணிக்குத் தனித்த கட்டண அங்கீகாரம் கோரும் மசோதா நாடாளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை.