ஹபன்னகாவின் மந்தை: மடமை பற்றிய பழமொழிகள் சில

மடையனைப் பழிக்க நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மடையன், மூடன், பேதை, மட்டி என்பன ஏட்டில் உள்ளவை. மோடன், மொக்கன் என்பன நமது வாயில் உள்ளவை. பழமொழிகளும் அப்படித்தான். 1840களில் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்ட பேர்சிவல் பாதிரியார், 1874இல் சென்னையில் அதனை விரித்து வெளியிட்டபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் அதில் இடம்பெற்றன. மடமையைச் சாடும் பழமொழிகள் மட்டும் தனியே ஆராயத்தக்கவை.

இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம் என்பது என் கருத்து. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை", "நாய் வாலை நிமிர்த்த ஏலுமா" என்பன ஒரு வகை. இவை ஆளின் பிறவியைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. "கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடித்தாற்போல", "வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தாற்போல" என்பன மற்ற வகை. இங்கே ஆள் யார் என்ற பேச்சில்லை. செய்த விதம்தான் பிழை.

இந்த இரண்டாவது வகைக்கு இலக்கணம் சொன்னாற்போல எழுதியவர் பக்தாதின் பேரறிஞர் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்). ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) மறைந்தவர். புத்திசாலிகளுக்கு ஒரு நூலும் மடையர்களுக்கு ஒரு நூலும் எழுதியவர். நோக்கம் சரியாக இருந்து வழி பிழைத்தால் அது மடமை. நோக்கமும் வழியும் சேர்ந்தே கெட்டால் அது பைத்தியம் என்பது அவரது விளக்கம். மடமை கூடப் பிறந்தது, மருந்தில்லாதது என்ற கூற்றுகளும் அதே நூலில் உண்டு. எனினும், கொக்குப் பிடிக்கப் போனவனின் நோக்கத்தில் குற்றமில்லை, வெண்ணெயில்தான் குற்றம் என்று பார்க்க அவரது விளக்கம் நமக்கு இடந்தருகின்றது.

அரபு மக்களிடம் மடமைக்கு உவமையாக நிற்பவன் ஹபன்னகா. ஹிஜ்ரி 518இல் மறைந்த அல்-மைதானி தொகுத்த 'மஜ்மஉல் அம்ஸால்' என்னும் பழமொழிக் களஞ்சியத்தில் "ஹபன்னகாவை விட மடையன்" என்ற முதுமொழி இருக்கிறது. தான் தொலைந்துபோகாமல் இருக்கச் சிப்பியும் எலும்பும் கோத்த மாலை ஒன்றைக் கழுத்தில் போட்டிருந்தானாம். ஒருநாள் இரவு அவனுடைய சகோதரன் அதைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். விடிந்ததும் ஹபன்னகா, "நீ நானென்றால், நான் யார்?" என்று கேட்டானாம்.

இது சிரிக்க வைக்கும் கதை. அடுத்த கதை அப்படியல்ல. ஹபன்னகா ஆடு மேய்த்தபோது கொழுத்த ஆடுகளைப் புல்லுள்ள இடத்தில் விடுவான்; மெலிந்தவற்றை ஒதுக்கித் துரத்துவான். ஏனென்று கேட்டால், அல்லாஹ் நன்றாக ஆக்கியதைத் தான் கெடுப்பதுமில்லை, அவன் கெடுத்ததைத் தான் திருத்துவதுமில்லை என்பான். தன் சோம்பலுக்கு இறைநாட்டத்தைச் சாட்சிக்கு இழுத்த மேய்ப்பன் அவன்.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த மந்தை புதிதல்ல. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் "சித்தியடையிற" பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு. மற்றப் பிள்ளைகளுக்குப் பின்வாங்கு. "அவனுக்கு ஏறாது, உடுங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கழுதையையும் கற்பூரத்தையும் எடுத்துவிடுவார். பத்து வயதுப் பிள்ளை அந்தப் பழமொழியை வீட்டுக்கும் கொண்டுபோகிறது. மைதானியின் களஞ்சியத்தின்படி பார்த்தால் இங்கே மடையன் என்ற பெயர் மெலிந்த ஆட்டுக்கு உரியதல்ல; மேய்ப்பவனுக்கே உரியது.

பழமொழிப் பாடம் வரும்போது நான் மாணவரிடம் ஒரு வேலை கொடுப்பதுண்டு. ஒவ்வொரு பழமொழியும் ஆளைப் பழிக்கிறதா, வழியைத் திருத்துகிறதா என்று பிரித்தெழுதச் சொல்வேன். பின்வாங்குப் பிள்ளைகள் இதைப் பிசகாமல் செய்கிறார்கள். முதல் வகைப் பழமொழிகளை அதிகம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்தானே.