ஷிப்ட் முடிஞ்சு வர்ற வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாடு: குக்கர் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஓபியில் சர்க்கரை நோயாளிகளிடம் "ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில்: "ஷிப்ட் முடிஞ்சு வர லேட்டாகுது டாக்டர், கடையில பரோட்டா வாங்கிக்கிறோம்." இதைச் சோம்பேறித்தனம்னு சொல்ல மாட்டேன். உண்மையிலேயே நேரம் இல்லை.

அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கிற பாத்திரம் உங்க அடுப்பிலேயே இருக்கு. நம்ம ஓசூர் சிப்காட்டிலேயே தயாராகவும் செய்யுது. பிரஷர் குக்கர். அதைக் கண்டுபிடிச்சவர் மருத்துவம் படிச்சவர் என்பது பல பேருக்குத் தெரியாது.

1) முதலில் கொஞ்சம் அறிவியல்.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கு. இங்கே ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதிச்சிடும். அதுக்கு மேல எவ்வளவு தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணிதான் ஆவியாகும். அதனால சென்னையில் வேகும் பருப்பு, இங்கே திறந்த பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

மூடியை இறுக்கி ஆவியை அடைச்சா? அழுத்தம் ஏறும், கொதிநிலை 120 டிகிரி வரை போகும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகும் வேகம் தோராயமா ரெண்டு மடங்காகும். ஒரு மணி நேர வேலை கால் மணியில் முடியுறது இப்படித்தான்.

2) இதை முதலில் செய்து காட்டியவர் டெனி பாப்பின். பிரான்ஸ்காரர், 1669-ல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் தன் 'டைஜெஸ்டர்' பாத்திரத்தை அறிமுகம் செய்தார். தூக்கி எறியும் எலும்பைக்கூட குறைஞ்ச எரிபொருளில் மென்மையாக்கி உணவாக்கலாம் என்பது அவர் கணக்கு. 1682-ல் அந்த விஞ்ஞானிகளுக்கு அதில் சமைச்சு விருந்தே வைத்தார்.

3) ஆனா அடைச்ச ஆவி ஆபத்தானது. வழி இல்லைன்னா பாத்திரத்தையே உடைச்சிட்டு வெளியே வரும். அதனால பாப்பின் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதன் மேல் எடை தொங்கும் ஒரு கம்பியை வைத்தார். அழுத்தம் எல்லை மீறினா எடை தூக்கி ஆவி வெளியேறும். அதுதான் சேஃப்டி வால்வு. இன்னைக்கு நம்ம வீட்டில் விசில் அடிக்கிற வெயிட்டுக்கு அதுதான் கொள்ளுப்பாட்டன்.

ஆவியின் பலத்தைப் பார்த்தவர் 1690-ல் ஆவியால் பிஸ்டனை நகர்த்தும் யோசனையையும் எழுதினார். பின்னாடி வந்த நீராவி இயந்திரங்களுக்கு அது ஒரு முன்னோடி.

4) சரியா 200 வருஷம் கழிச்சு, 1879-ல், பாஸ்டரின் ஆய்வகத்தில் சார்லஸ் சாம்பர்லாந்து ஆட்டோகிளேவை உருவாக்கினார். ஆபரேஷன் கருவிகளை நாங்க 121 டிகிரி ஆவியில் 15 நிமிஷத்துக்குக் குறையாம வைக்கிறோமே, அதே தத்துவம்தான். உங்க சமையலறையில் பருப்பை வேக வைக்குது, எங்க தியேட்டரில் கிருமியைக் கொல்லுது.

5) இந்தியாவில் 1910-ல் வங்காளத்து மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 'இக்மிக் குக்கர்' செய்தார். அடியில் கரி அடுப்பு, மேலே அடுக்கு டப்பாவில் அரிசி, பருப்பு, காய். இது பிரஷர் குக்கர் இல்லை, ஆவியில் மெதுவா வேகும். ஆனா அடுப்பைப் பத்த வெச்சுட்டு வேலையைப் பார்க்கப் போகலாம், திரும்பி வரும்போது சாப்பாடு ரெடி. வேலைக்குப் போறவங்களுக்கு எப்பேர்ப்பட்ட விஷயம்!

6) 1959-ல் நம்ம நாட்டில் பிரஷர் குக்கர் தயாரிப்பு சூடு பிடிச்சது. மும்பையில் ஹாக்கின்ஸ் தொடங்கிய வருஷம் அதுதான். டிடிகே நிறுவனம் பிரிட்டிஷ் கூட்டுறவோடு பிரஸ்டீஜ் குக்கர் செய்ய ஆரம்பிச்சதும் அதே காலம். அந்த பிரஸ்டீஜ்தான் பிறகு ஓசூருக்கு வந்தது.

7) ஓசூரும் அப்போ மாறிக்கிட்டிருந்தது. சிப்காட் வந்தது. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட், அதே பத்தாண்டில் டைட்டன் கடிகாரம். பொழுது சாய்ஞ்சா களி கிண்டின வீடுகளில் சாப்பாட்டு நேரத்தை ஷிப்ட் தீர்மானிக்க ஆரம்பிச்சது. அப்பா பி ஷிப்ட், அம்மா ஏ ஷிப்ட்னு இருக்கிற வீட்டில் விறகடுப்பில் மணிக்கணக்கா கொள்ளு வேக வைக்க யாருக்கு நேரம்? அந்த இடத்தில்தான் குக்கர் கை கொடுத்தது.

8) வெடிக்காத குக்கர் எப்படி வந்தது?

பழைய குக்கர்களில் வெயிட் அடைச்சுக்கிட்டா காப்பாத்த ஒரு உலோகச் சேஃப்டி வால்வு உண்டு. சூடு மீறினா உருகி ஆவியை விடும். சந்தையில் மலிவா போலி வால்வு வந்தது. அது உருகாது. ஆவிக்கு வழியில்லாம குக்கர் வெடிச்சது.

டிடிகே-வின் டி.டி. ஜெகந்நாதன், ஐஐடி மெட்ராஸில் படிச்ச இன்ஜினியர், இதுக்கு ஒரு எளிய பதில் கொண்டு வந்தார். மூடியின் விளிம்பில் ஒரு நீள ஓட்டை. மற்ற வழியெல்லாம் அடைச்சா கேஸ்கெட் அந்த ஓட்டை வழியா பிதுங்கி ஆவியை விட்டுடும். வால்வு போலியானாலும் உயிர் தப்பும்.

பாப்பின் போட்ட அதே சின்ன ஓட்டைதான். வேகமா வேக வைப்பதைவிட, ஆவிக்கு ஒரு வழி விடுவதுதான் இந்தக் கருவியின் உண்மையான கண்டுபிடிப்பு.

9) சரி டாக்டர், ராத்திரிக்கு என்ன சமைக்க?

பதில் நம்ம எல்லையிலேயே இருக்கு. கர்நாடகக்காரங்க 'பஸ்ஸாரு' என்பாங்க, வடித்த சாறுன்னு அர்த்தம். ஒரே குக்கர், ரெண்டு பதார்த்தம்.

காலையில் வேலைக்குப் போகும்போது தட்டைப்பயறோ கொள்ளோ ஊற வைங்க. வந்ததும் குக்கரில் நாலஞ்சு விசில். ஆவி தானா அடங்கினதும் கீரையைப் போட்டு, மூடாம ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டு, தண்ணியை வடிங்க. பூண்டு, மிளகு, சீரகம், தேங்காய் அரைச்சு, புளி கொஞ்சம் சேர்த்துக் கொதிக்க வெச்சா சாறு. மிஞ்சின பயறும் கீரையும் தாளிச்சா பொரியல். பயறு வேகும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் ராகிக் களி. அரை மணி முதல் முக்கால் மணிக்குள் முடியும்.

100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பயறில் புரதம், நார்ச்சத்து. ஆனா ராகியும் மாவுச்சத்துதான். சர்க்கரை உள்ளவங்க ஒரு சின்ன உருண்டையோட நிறுத்தி, பயறையும் கீரையையும் கூட வெச்சுக்கோங்க.

10) தயவுசெஞ்சு இதையும் படிங்க.

* ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும் குக்கர் மட்டும் வாங்குங்க. கேஸ்கெட், வால்வு அந்தந்த கம்பெனியோடதா இருக்கட்டும். 50 ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.
* ஒவ்வொரு முறையும் வெயிட் வைக்கும் குழாயை வெளிச்சத்தில் பாருங்க. அந்தப் பக்கம் தெரியணும்.
* மூணில் ரெண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீங்க. நுரைக்கும் பருப்பு, பயறுக்குப் பாதிதான்.
* ஆவி அடங்காம மூடியை நெம்பவே நெம்பாதீங்க. அவசரத்தில் நடக்கும் விபத்து இதுதான்.
* ஆவி பட்டுட்டா ஓடும் குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் பூச வேண்டாம். முகம், கண், பெரிய காயம்னா உடனே 108.

11) கடைசியா ஒண்ணு. குக்கர் நேரத்தைத்தான் குறைச்சது, வேலையைப் பங்கு போடலை. எட்டு மணி நேரம் லைனில் நின்னுட்டு வர்ற பெண்ணே வந்து பயறும் ஊற வைக்கணும், களியும் கிண்டணும்னா, எவ்வளவு வேகமான பாத்திரமும் அவங்களுக்கு ஓய்வு தராது. ஆவிக்கு வழி விடணும்னு 1679-லேயே தெரிஞ்சிடுச்சு. வீட்டில் உழைக்கிறவங்களுக்கும் அந்த வழியை விடுவோமே. வீட்டில் முதலில் வந்து சேர்றவங்க, ஆணோ பெண்ணோ, குக்கரை வைங்க.


அரசு மருத்துவர், கிருஷ்ணகிரி மாவட்டம்