புள்ளி இல்லாத நாளையும் எழுதி வை

2024 மே மாசம் லடாக்ல, ஹான்லே பக்கத்துல வானம் செக்கச்செவேல்னு மாறின போட்டோ உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். சூரியன் தன்னோட பதினோரு வருஷச் சுழற்சியில உச்சத்தை நெருங்கிட்டு இருந்த நேரம் அது. சரி, சூரியனுக்கு இப்படி ஒரு சுழற்சி இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது யார்? ஒரு மருந்துக்கடைக்காரர். இன்னைக்கு எபிசோட் அவரைப் பத்தியும், அவரை மாதிரியே ஆசைக்காகச் சூரியனைப் பார்க்க ஆரம்பிச்ச சிலரைப் பத்தியும்.

அவர் பேர் சாமுவேல் ஹைன்ரிக் ஷ்வாபே. ஜெர்மனியில டெஸ்ஸாவ் ஊர்க்காரர். 1826ல டெலஸ்கோப்போட உட்கார்ந்தப்போ அவர் தேடினது சூரியப் புள்ளிகளை இல்லை. புதன் கிரகத்துக்கும் உள்ளே இன்னொரு கிரகம் இருக்கலாம்னு ஒரு சந்தேகம். இருந்தா, அது சூரியனைக் கடக்கும்போது சின்னக் கறுப்புப் புள்ளியா தெரியும். அதைச் சூரியனோட சொந்தப் புள்ளிகளோட குழப்பிக்கக் கூடாதுன்னா, தினமும் எல்லாப் புள்ளிகளையும் குறிச்சு வைக்கணும். குறிக்க ஆரம்பிச்சார். 1829ல மருந்துக்கடையையே வித்துட்டு முழுநேரமா இதுல இறங்கினார்.

அந்தக் கிரகம் கிடைக்கவே இல்லை. அப்படி ஒண்ணு இல்லவும் இல்லை. ஆனா 1843 முடியும்போது அவர் கையில 18 வருஷக் கணக்கு இருந்தது. 1837ல 333 புள்ளிக் கூட்டங்கள். புள்ளியே இல்லாத நாள் ஒண்ணுகூட இல்லை. 1843ல வெறும் 34 கூட்டங்கள். புள்ளியே இல்லாத நாள் 149. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1833லயும் இதே மாதிரி ஒரு பள்ளம்: 33 கூட்டங்கள், 139 வெறும் நாட்கள். சுமார் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புள்ளிகள் கூடிக் குறையுதுன்னு எழுதி அனுப்பினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்த அட்டவணையோட டிசைனைப் பார்க்கணும். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஷ்வாபே மூணு எண் கொடுக்கிறார். எத்தனை கூட்டங்கள் பார்த்தேன், புள்ளி இல்லாத நாள் எத்தனை, மொத்தம் எத்தனை நாள் பார்த்தேன். அந்த மூணாவது எண்தான் விஷயமே.

1837ல அவர் பார்த்தது 168 நாள்தான். 197 நாள் பதிவே இல்லை. 1843ல 312 நாள் பார்த்திருக்கார். 53 நாள் பதிவு இல்லை. பார்க்காத நாளையெல்லாம் 'புள்ளி இல்லை'ன்னு போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? 1837க்கு 197 வெறும் நாள். 1843க்கு 149 கூட்டல் 53, ஆக 202. கிட்டத்தட்ட ஒரே எண்! சூரியனோட உச்சமும் பள்ளமும் ஒண்ணு மாதிரியே தெரிஞ்சிருக்கும். டேட்டாபேஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும்: ஜீரோ வேற, பிளாங்க் வேற. 'பார்த்தேன், ஒண்ணும் இல்லை' என்பது தகவல். 'பார்க்கலை' என்பது தகவல் இல்லாமை.

இதுல பெரிய ஆய்வாளர்களும் மாட்டியிருக்காங்க. 1998ல டக்ளஸ் ஹாய்ட், கென்னத் ஷாட்டன் ரெண்டு பேரும் 1610லேர்ந்து கிடைச்ச பதிவுகளையெல்லாம் திரட்டி ஒரு பிரமாண்டமான தொகுப்பு போட்டாங்க. அருமையான வேலை. ஆனா பழைய வானியலாளர் ஒருத்தர் 'இந்தக் காலத்துல புள்ளி எதுவும் தென்படலை'ன்னு பொத்தாம்பொதுவா எழுதின இடங்கள்ல, நாள்தோறும் பார்த்து ஜீரோ எடுத்த மாதிரி நிரப்பிட்டாங்க. பின்னால வந்தவங்க அந்த ஜீரோக்களை நீக்க வேண்டியிருந்தது. 1645 முதல் 1715 வரை சூரியன் அடங்கியிருந்தது உண்மைதான். ஆனா எந்த அளவுக்கு அடங்கியிருந்ததுன்னு சொல்ல, யார் எந்த நாள் நிஜமா பார்த்தாங்கன்னு தெரியணும்.

ஷ்வாபே கதைக்கு வருவோம். 1844ல அச்சான அவரோட குறிப்பை யாரும் பெரிசா கண்டுக்கலை. சில வருஷம் கழிச்சு ஹம்போல்ட் தன்னோட 'காஸ்மோஸ்' நூல்ல அந்த அட்டவணையைச் சேர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1857ல லண்டன் ராயல் வானியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. சுவிட்சர்லாந்துல ருடால்ஃப் வோல்ஃப் பழைய பதிவுகளைத் தோண்டி, சுழற்சி சராசரியா பதினோரு வருஷம்னு திருத்தினார். கூட்டங்களைப் பத்தால பெருக்கு, தனிப் புள்ளிகளைக் கூட்டுன்னு அவர் போட்ட ஃபார்முலாதான் இன்னைக்கு வரைக்கும் அடிப்படை.

தினமும் பார்க்கிறவருக்குத்தான் அபூர்வமும் சிக்கும். 1859 செப்டம்பர் 1, இங்கிலாந்துல ரிச்சர்ட் கேரிங்டன் தன் சொந்த ஆய்வுக்கூடத்துல, திரையில விழுந்த சூரிய பிம்பத்துல வழக்கம்போல புள்ளிகளை வரைஞ்சிட்டிருந்தார். திடீர்னு ஒரு கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு வெள்ளை ஒளித் திட்டுகள். சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடி, ஒரு நிமிஷத்துக்குள்ள திரும்பினா, அதுக்குள்ள மங்கிப்போச்சு. நல்லவேளையா ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்கிற இன்னொரு அமெச்சூரும் தனியா அதைப் பார்த்திருந்தார். மனுஷன் பதிவு பண்ணின முதல் சூரியத் தீப்பிழம்பு அது. மறுநாள் பூமியைத் தாக்கின காந்தப்புயல் பம்பாய் கொலாபா ஆய்வகத்திலும் பதிவாச்சு.

அப்புறம் கேமரா வந்தது. பேப்பர், அச்சுத் தொழில் நடத்தின வாரன் டி லா ரூ வடிவமைச்ச சூரிய கேமரா 1858ல லண்டன் பக்கம் கியூவுல வேலையை ஆரம்பிச்சது. நம்ம கொடைக்கானல்ல 1904லேர்ந்து நூறு வருஷத்துக்கும் மேல சூரியனைப் படம் எடுத்து வச்சிருக்காங்க. இங்கிலாந்துல அமெச்சூரா இருந்து 1907ல அங்கே வந்த ஜான் எவர்ஷெட்தான், புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா பாயுதுன்னு 1909ல கண்டுபிடிச்சார்.

சரி, இப்போ சாட்டிலைட்டே விடாம படம் எடுக்குது. இன்னும் எதுக்கு ஒருத்தர் சின்ன டெலஸ்கோப்புல எண்ணணும்? 1826ஐ இன்னைக்கோட ஒப்பிடணும்னா, அதே மாதிரி சின்ன டெலஸ்கோப்பு, அதே மாதிரி கண்ணு, விட்டுப்போகாத சங்கிலி வேணும். அதனாலதான் பெல்ஜியம் ராயல் ஆய்வகம் சர்வதேச எண்ணிக்கைக்கு இன்னைக்கும் அமெச்சூர்களோட கணக்கையும் சேர்த்துக்குது. டோக்கியோவுல ஹிசாகோ கொயாமா 1940கள்ல வீட்டு டெலஸ்கோப்போட ஆரம்பிச்சு, அப்புறம் அறிவியல் அருங்காட்சியகத்துல சேர்ந்து, நாற்பது வருஷத்துக்கு மேல, பத்தாயிரத்துக்கும் அதிகமான படங்கள் வரைஞ்சார். 400 வருஷக் கணக்கைச் சமீபத்துல மறுபடி கோர்த்தப்போ, முதுகெலும்பா எடுத்துக்கிட்ட சில பேர்ல ஷ்வாபேவும் உண்டு, கொயாமாவும் உண்டு.

ரெண்டு பேருமே உச்ச வருஷத்துல மட்டும் வந்துட்டுப் போனவங்க இல்லை. வெறும் வட்டத்தை வரைஞ்சு தேதி போட்ட நாட்களும் அவங்க நோட்டுல இருக்கு. சுழற்சி இறங்க ஆரம்பிச்சா அப்படிப்பட்ட நாட்கள் கூடும். ஆரம்பிக்க அதுவும் நல்ல நேரம்தான். சூரியனை நேரா மட்டும் பார்த்துடாதீங்க. டெலஸ்கோப்புக்கு முன்பக்கம் மாட்டுற முறையான சூரிய ஃபில்டர் வேணும், இல்லைன்னா பிம்பத்தை வெள்ளை அட்டையில விழ வச்சுப் பார்க்கணும். பார்த்து முடிச்சதும் தேதி, நேரம், எண்ணிக்கை எழுதுங்க. ஒண்ணும் இல்லைன்னா ஜீரோன்னு எழுதுங்க. மேகம்னா, மேகம்னு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.