கணினி தொடங்கியதும் தானே இயங்கும் அறியாத செயலிகள்: கண்டறிவது எப்படி?

வீட்டுக் கணினியை இயக்கியவுடன், பயனர் திறக்காமலேயே சில செயலிகள் பின்னணியில் இயங்கத் தொடங்குகின்றன. கடவுச்சொற்களைத் திருடும் தீங்கிழைக்கும் மென்பொருள்களும் இவற்றினிடையே மறைந்திருக்கக்கூடும்.

விண்டோஸ் 10, 11 கணினிகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ஸ்டார்ட்அப் பகுதியில் இச்செயலிகளின் பட்டியலைக் காணலாம்.

பெயரை மட்டும் நம்பலாகாது. 'எஸ்விசிஹோஸ்ட்' என்னும் விண்டோஸின் சொந்தக் கோப்பு 'சிஸ்டம்32' கோப்புறையில் இருக்கும். அதே பெயர் 'டெம்ப்' கோப்புறையில் காணப்பட்டால் ஐயம் கொள்ள வேண்டும். எனவே, வெளியீட்டாளர் பெயரையும் கோப்பின் இடத்தையும் சரிபார்ப்பது அவசியம்.

அறியாத செயலியை உடனே அழிக்காமல், முதலில் முடக்கிவைக்கலாம். தேவையானது எனத் தெரிந்தால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். பின்னர் கணினி முழுவதையும் சோதிக்க வேண்டும். இதற்கான இலவசக் கருவிகளை, மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' வழங்கி வருகிறது.