சரண் சிங்

சரண் சிங் (1902–1987) உத்தரப் பிரதேசத்து அரசியல்வாதி. பாரதிய கிராந்தி தளம், பாரதிய லோக் தளம் ஆகிய கட்சிகளின் தலைவர். 1979-இல் சில மாத காலம் இந்தியாவின் பிரதம மந்திரி. மீரட் ஜில்லாவைச் சேர்ந்த நூர்பூர் கிராமத்தில், குத்தகை நிலத்தை உழுத ஜாட் குடும்பத்தில் பிறந்த இவர், ஆக்ராவில் கல்வி கற்று, காஜியாபாத்தில் வக்கீல் தொழில் நடத்தி, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1937-இல் ஐக்கிய மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிரதமர் பதவி தந்த பிரசித்தியைக் காட்டிலும், ரெவின்யூ மந்திரியாக இருந்து அவர் செய்த காரியமே நிலைத்தது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1952 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, அதை உருவாக்குவதில் பெரும் பங்கு கொண்டிருந்த அவருக்கு, ஏட்டிலே எழுதிய பாத்தியதை வயலிலே உழுபவனுக்குப் போய்ச் சேருமா என்பதே கவலையாக இருந்தது. ஏனெனில், எந்த நிலத்தை யார் உழுகிறார் என்று பதிவேட்டில் எழுதும் அதிகாரம், நம் பக்கத்துக் கர்ணத்துக்கு நிகரான பட்வாரியின் கையில் இருந்தது. பட்வாரி ஒருவனுடைய பெயரை எழுதாமல் விட்டால் தலைமுறையாக உழுதவனும் அந்நியனாகிவிடுவான். 1953-இன் தொடக்கத்தில் பட்வாரிகள் 20,000-க்கு மேற்பட்டோர் தங்கள் கோரிக்கைகளை வற்புறுத்தி ஒருசேர ராஜிநாமாக் கடிதங்களை நீட்டவே, சர்க்கார் பணிந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் திகைக்கும்படி, சரண் சிங் அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு, லேக்பால் என்னும் பெயரில் புதிய கணக்கர்களை நியமித்துவிட்டார்.

1959-இல் நாகபுரி காங்கிரஸில் நேருவின் ஆதரவு பெற்ற கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை, சொந்த நிலத்தில் குடும்பத்தோடு பாடுபடுகிறவனே அதிகம் விளைவிப்பான் என்று வாதாடி, பகிரங்கமாக எதிர்த்தார். அந்தத் துணிவைப் புகழ்வது போல, பிற்கால அரசியல் போக்கைப் புகழ்வதற்கில்லை. 1967 ஏப்ரலில் ஒரு சிறு குழுவுடன் காங்கிரஸை விட்டு வெளியேறி, சி. பி. குப்தாவின் மந்திரி சபையை மூன்று வாரத்துக்குள் கவிழ்த்து, உத்தரப் பிரதேசத்தின் முதல் காங்கிரஸ் அல்லாத முதல் மந்திரியானார். ஜனசங்கத்தாரும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பந்தியில் அமர்ந்த அக்கூட்டணி மறு பிப்ரவரியைத் தாண்டவில்லை. 1970-இல் மீண்டும் கிடைத்த பதவியும் சில மாதமே.

சுதந்திராக் கட்சி உள்ளிட்ட பல கட்சிகளை இணைத்து 1974-இல் அவர் அமைத்த பாரதிய லோக் தளத்தின் சின்னமாகிய, சக்கரத்துள் ஏர் சுமந்த உழவனைக் கொண்டே 1977-இல், அக்கட்சியும் சேர்ந்த ஜனதாவின் வேட்பாளர்கள் பெரும்பாலும் வென்றனர். உள்துறை மந்திரியாகி, பிரதமர் மொரார்ஜி தேசாயுடன் பிணங்கி விலகி, 1979 ஜனவரியில் துணைப் பிரதமராகத் திரும்பி, அவ்வாண்டு ஜூலை 28-இல், தாமே முன்பு கைதுசெய்வித்த இந்திரா காந்தியின் ஆதரவை நம்பிப் பிரதமரானார். அவ்வாதரவு விலகவே, பாராளுமன்றத்தை ஒரு நாளும் சந்திக்காமல் ஆகஸ்டு 20-இல் ராஜிநாமாச் செய்து, 1980 ஜனவரி வரை காபந்துப் பிரதமராக நீடித்தார்.

1987 மே 29-இல் அவர் காலமான அவ்வாண்டிலேயே அவருடைய கட்சியான லோக் தளம், மகன் அஜித் சிங்கின் பிரிவென்றும் மற்றொரு தலைவரான பகுகுணாவின் பிரிவென்றும் இரண்டாயிற்று.