தில்லியின் நிலவறையும் ஆழ்துளையும்

தில்லியில் நல்ல வீட்டுக்குரிய இலக்கணங்களைப் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே 1663ஆம் ஆண்டு எழுதிய மடலொன்றில் விவரிக்கிறார். அவற்றுள் ஒன்று நிலவறை. நண்பகல் முதல் மாலை நான்கு, ஐந்து மணிவரை அங்கே இளைப்பாறலாம். அதன்பின் உள்ளே புழுங்கத் தொடங்கிவிடும். ஆகவே பலர் நீர்த்தொட்டியருகே வெட்டிவேரால் அமைத்த சிறு குடில்களையே விரும்பினர் என்கிறார். புழுக்கத்துக்கு ஆள்நெரிசலும் காரணமாயிருக்கலாம். எனினும் தில்லியின் கோடையை மண்ணை மட்டும் நம்பிக் கடக்க இயலாது என்பதற்கு இது பழைய சான்று.

குருகிராமத்தை அடுத்த குவால் பகாடியில் டெரி நிறுவனம் 2000ஆம் ஆண்டளவில் எழுப்பிய பயிற்சி வளாகத்தில் இதே சிக்கல் வேறுருவில் எழுந்தது. நான்கு மீட்டர் ஆழத்தில் 70 மீட்டர் நீளமுள்ள நான்கு சுரங்கக் குழாய்கள் வழியே காற்று அறைகளுக்குச் செல்கிறது. அவ்வாழத்தில் மண் ஏறத்தாழ 26 பாகை செல்சியசில் நிலைத்திருப்பதால் வறண்ட கோடைக்கு அது உதவும். மழைக்கால ஈரப்பதத்தை அதனால் நீக்க இயலாது. எனவே அமோனியாவில் இயங்கும் குளிர்விப்பான்கள் துணைக்கு வைக்கப்பட்டன.

2014 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவன் இவ்வரலாற்றின் முக்கியக் கட்டம். மத்தியப் பொதுப்பணித் துறை அங்கே 80 மீட்டர் ஆழமுள்ள 180 துளைகளை இட்டு, ஒவ்வொன்றிலும் ‘யு’ வடிவ நெகிழிக் குழாயைப் பதித்து, பென்டோனைட் குழம்பால் நிரப்பியது. ஒரு துளைக்கு 0.9 டன் வீதம், ஏறத்தாழ 160 டன் குளிரூட்டலின் கழிவு வெப்பம் மண்ணுக்குள் செல்லுமாறு திட்டமிடப்பட்டது. அப்பங்குக்குக் குளிர்விப்புக் கோபுரம் வேண்டியதில்லை. அதில் ஆவியாகும் நீரும் மிச்சம். தண்ணீருக்கு அல்லாடும் நகரில் இது சிறு ஆதாயமன்று. ஆயினும் கட்டடத்தின் சுமையில் ஒரு பகுதியையே நிலம் ஏற்றது.

இவ்வரையறை சரியானதே. குளிர்நாடுகளில் இத்தகைய துளைகள் பனிக்காலத்தில் மண்ணின் வெப்பத்தை எடுக்கின்றன; கோடையில் அது ஈடாகிறது. தில்லி அலுவலகங்களில் கணக்கு தலைகீழ். குளிர்காலத்தில் திரும்பப் பெறுவது சொற்பம், கோடையில் இறக்குவது மிகுதி. துளைகளுக்கிடையே குறைந்தது மூன்று மீட்டரே இடைவெளி எனும்போது, ஒன்றின் வெப்பம் அடுத்ததை எட்டும். ஆண்டுதோறும் மண் சூடேறினால் குழாயிலிருந்து திரும்பும் நீரும் சூடேறும், மின்செலவு உயரும். அடிப்படைச் சுமையை நிலத்துக்கும், உச்சச் சுமையைக் காற்றுக்கும் பகிர்ந்து, குளிர்ந்த இரவுகளில் காற்றின் வழியே மண்ணை ஆற்றவிடும் கூட்டமைப்பு இதனாலேயே தேவைப்படுகிறது. அப்பகிர்வை முடிவுசெய்ய, திறப்புவிழா ஆண்டின் டன் கணக்கைக் காட்டிலும் பத்தாம் ஆண்டில் அம்மண் காட்டும் வெப்பநிலையே பயன்படும்.