தோளில் தங்கிய பாரம்

ரயில் வண்டி பால் கொண்டுவரத் தொடங்குமுன், லண்டன் நகரத்துக்குள்ளேயே மாட்டுக் கொட்டில்கள் பல இருந்தன. கறந்த பாலை வீடு வீடாகச் சுமந்தவர்களில் பலர், வேல்ஸ் பகுதியிலிருந்து பிழைக்க வந்த பெண்கள். கழுத்துக்கு வளைவாகச் செதுக்கிய கட்டை இரு தோள்களிலும் படிந்திருக்கும். அதன் முனைகளில் வாளிகள் தொங்கும். மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தடிக்கும் இந்தக் கட்டைக்கும் அவர்கள் பாஷையில் ஒரே பெயர்தான்! ஓவியர்களோ பால்காரப் பெண்ணைச் சிவந்த கன்னமும் சிரிப்புமாகவே வரைந்தார்கள். அவர்கள் வாளியைத் தூக்கிப் பார்த்ததில்லை போலும்.

சுமப்பதற்கு முன் கறக்க வேண்டுமே! முக்காலியில் அமர்ந்து, கைகளை முன்னே நீட்டி, மாடு மாடாகக் கறக்க வேண்டும். விரல்தான் வேலை செய்கிறதென்று பார்ப்பவர் நினைப்பார். நீட்டிய கையைத் தாங்குவது தோள் அல்லவா?

1889-ல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் வில்லியம் மர்ச்லண்ட் என்பவர், காற்றை இழுத்துப் பால் கறக்கும் யந்திரம் செய்தார். அது ஓயாமல் உறிஞ்சியதால் பசுவுக்குக் காம்பு நொந்தது. சில வருஷங்களுக்குள் விட்டுவிட்டு உறிஞ்சும் முறை வந்தது. பசுவின் வலியைத்தான் முதலில் கவனித்தார்கள், பசு உதைக்குமே! கறப்பவரின் விரல்களுக்கு ஓய்வு கிடைத்தது. குனிவது மட்டும் போகவில்லை.

1952-ல் நியூஸிலாந்துப் பண்ணைக்காரர் ரான் ஷார்ப் அதற்கும் வழி கண்டார். ஆள் நிற்க நடுவே ஒரு பள்ளம்; இருபுறமும் மேட்டில், மீன் முள்ளைப்போலச் சாய்வாக மாடுகளின் வரிசை. மடி கைக்கு நேரே வந்தது. முதுகு நிமிர்ந்தது.

தோள்தான் அகப்பட்டுக்கொண்டது. நான்கு குவளைகளும் குழாய்களும் சேர்ந்த கொத்து இரண்டரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கையால் அதை ஏந்தி, மறு கையால் குவளைகளை ஒவ்வொன்றாகக் காம்பில் மாட்ட வேண்டும். நூறு மாடு, தினம் இரு வேளை என்றால் இருநூறு தடவை, ஐந்நூறு கிலோ! ஸ்வீடனில் ஆராய்ந்தவர்கள், புது முறையில் முழங்கால் வலி குறைந்தாலும் தோள் வலியும் மணிக்கட்டு வலியும் விடவில்லை என்று கண்டார்கள். பள்ளத்தின் ஆழமோ எல்லோருக்கும் ஒன்றே. குட்டையான பெண் ஒருத்தி அதில் நின்றால், கையைத் தோளுக்கு மேலே தூக்கியபடியே நாள் முழுதும் வேலை செய்ய வேண்டும்.

பிறகு கொத்தைத் தாங்கும் இரும்புக் கையும், ஏற்றி இறக்கும் தரையும் வந்தன. 1992-ல் ஹாலந்துப் பண்ணையில் ஆளே தொடாமல் கறக்கும் யந்திரம் ஏறியது. அதை வாங்க வசதியில்லாத பண்ணைகளில், குட்டையானவர்கள் காலடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.